பந்து கொடுத்தவன் பெயர் என்ன?

அல்சூர் ஏரிக்கரையில் காலையில் நடக்கும் வாசகர்கள் எங்கள் பெஞ்சைப் பார்த்திருப்பீர்கள். ஆறரை மணிக்கு நடையை முடித்துக்கொண்டு நாலைந்து ஓய்வூதியக்காரர்கள் அதில் உட்காருவோம். எல்லோரும் தமிழர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் எச்.ஏ.எல்., நான் இரயில்வே. காவிரி, பென்ஷன், சர்க்கரை அளவு ஆகிய மூன்றையும் பேசி முடித்த பிறகு கால்பந்துக்கு வருவோம். அதற்கு வந்துவிட்டால் எழுந்திருக்க எட்டு மணி ஆகும்.

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு கொல்கத்தாவில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் நம் பெங்களூர் அணி மோகன் பகானிடம் 1-2 என்று, அதுவும் கூடுதல் நேரத்தில், தோற்றிருந்தது. நம் கணக்கில் விழுந்த அந்த ஒரே கோலும் எதிரணிக்காரர் தம் வலைக்குள் தாமே தட்டிவிட்டது. கேட்க வேண்டுமா? பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது.

"முன்னாலே நிக்கிறவனுக்குப் போடத் தெரியலை சார்" என்றார் ஐ.டி.ஐ. நண்பர்.

"போடறதுக்குப் பந்து வந்தாத்தானே போடுவான்? எவன் ஒழுங்காக் கொடுத்தான், சொல்லுங்க" என்றார் எச்.ஏ.எல். நண்பர்.

குற்றம் பந்து கொடுப்பவன்மீதா, வாங்குபவன்மீதா? எட்டே கால் வரை பேசியும் தீர்ப்பு வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. நாற்பது ஆண்டுகளாகக் கால்பந்து பார்க்கிறேன். ஒருமுறையாவது இந்தக் கேள்வியை நாம் சரியாகக் கேட்டிருக்கிறோமா? கேட்கவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. அதனால் கெடுவது ஓர் ஆட்டத்தின் விமர்சனம் மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகளின் மனமும்கூட. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏட்டில் இல்லாத கட்டம்

அல்சூர்த் தமிழனுக்குக் கால்பந்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியை ஒட்டி எம்.இ.ஜி. என்கிற மதராஸ் பொறியாளர் படையின் மையம் இருக்கிறது. கண்டோன்மென்ட் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உதைத்த பந்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த நம் பாட்டன்மார், பிறகு தாமே உதைக்கக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்துக் கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் நாட்டு பீலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள் என்றால், நம் ஜனங்களின் கால்பந்துப் பித்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்டு 1-2 என்று தோற்றார்கள். இந்தியாவுக்காக அந்த ஒரு கோலைப் போட்டவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். ஆட்டத்தின் ஏட்டில் அவர் பெயர் இருக்கிறது, என்றும் இருக்கும். அவருக்குப் பந்து கொடுத்தவர் பெயரை எழுத அந்த ஏட்டில் கட்டமே இல்லை.

அதே 1948 அணியில் இருந்த அகமது கானும் தன்ராஜும் பெங்களூர்க்காரர்கள்தான். பிறகு கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகியோரோடு சேர்ந்து முன்வரிசையில் ஆடினார்கள். அந்த ஐவரையும் வங்காளிகள் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள். 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் அவர்களுக்கே. அந்தப் பெயரைக் கவனியுங்கள். ஐந்து பேருக்குமாகச் சேர்த்துக் கொடுத்த ஒரே பெயர் அது. யார் கொடுத்தான், யார் போட்டான் என்று பிரித்துப் பார்க்காமல், ஐந்து பேரும் சேர்ந்து செய்த வேலை என்று அன்றைய ரசிகனுக்குப் புரிந்திருக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த நம் பெங்களூர் அருமைநாயகமும் விங்கில் ஓடியவர். விங்கில் ஓடுபவனின் முதல் வேலை, நடுவில் நிற்பவனுக்குப் பந்தைக் கொண்டு சேர்ப்பது. அந்த வேலைக்குக் கைதட்டல் குறைவு.

மைத்துனரும் நானும்

எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் பிறந்தது ஜோலார்பேட்டை, சோறு போட்டது பெங்களூர். என் மனைவி சென்னைக்காரர். 2018 மார்ச் 17 அன்று ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம் நம் கண்டீரவா மைதானத்தில், பெங்களூருக்கும் சென்னைக்கும். மைத்துனர் இதற்கென்றே சென்னையிலிருந்து சதாப்தி பிடித்து வந்துவிட்டார். இரண்டு அணிகளுக்கும் சொந்த நிறம் நீலம். எங்கள் கூடத்தில் இரு கட்சிக்காரர்களும் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்த வேடிக்கையைப் பார்த்து மனைவி சிரித்தார். "நீங்க யார் கட்சி?" என்று கேட்டதற்கு, "யார் ஜெயிச்சாலும் எனக்கு ஒரு வீடு ஜெயிக்கும்" என்றார். நம்மைப்போல் இரண்டு ஊர் உள்ள குடும்பங்களுக்குப் பொருத்தமான பதில்தான்.

அந்தப் பருவத்தில் பெங்களூர் அணி 18 ஆட்டங்களில் 40 புள்ளி எடுத்து முதலிடத்தில் இருந்தது. சென்னைக்கு 32 புள்ளி, இரண்டாமிடம். எங்கள் மிக்கு 15 கோல், சுனில் சேத்ரி 14 கோல் என்று பத்திரிகைகள் கட்டம் போட்டு எழுதின. இறுதி ஆட்டத்தில் 9-ஆம் நிமிடமே சேத்ரி பாய்ந்து விழுந்து தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். வீடு அதிர்ந்தது. ஆனால் 17-ஆம் நிமிடத்திலும், பிறகு இடைவேளைக்குச் சற்று முன்னும், கார்னரில் இருந்து வந்த பந்துகளைச் சென்னையின் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் தலையால் முட்டி வலைக்குள் தள்ளிவிட்டார். 67-ஆம் நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். கடைசியில் மிக்கு ஒன்றைத் திருப்பினாலும் 3-2 என்று கோப்பை சென்னைக்குப் போய்விட்டது.

அன்று இரவு சாப்பாட்டின்போது மைத்துனர் வாயில் மெயில்சன் பெயர் தவிர வேறு பெயர் இல்லை. எனக்கு எரிச்சல். "சரி, அந்த ரெண்டு கார்னரையும் அடிச்சது யார்?" என்று கேட்டேன். மனிதர் விழித்தார். கிரெகரி நெல்சன் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சாதித்துவிட்ட பெருமையில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் திருப்பிக் கேட்டார்: "அத்தான், உங்க சேத்ரிக்கு அந்தப் பந்தைக் கொடுத்தது யார்?"

எனக்கும் சட்டென்று வரவில்லை. வலப்பக்கம் ஓடி வந்து அருமையாகப் பந்தை அனுப்பியவர் உதாந்தா சிங். அவருடைய ஓட்டத்தைக் கண்ணால் பார்த்து, எழுந்து நின்று கத்தி, மூன்று மணி நேரத்தில் பெயரை மறந்திருக்கிறேன்!

இதே கதை 2025 ஏப்ரல் 6 அன்றும் நடந்தது. அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், கோவாவில், கடைசி நிமிடங்களில் சேத்ரி மறுபடியும் பாய்ந்து தலையால் முட்டி அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். நாற்பது வயதில் அந்தப் பருவத்தில் மட்டும் அவர் போட்டது 14 கோல். அவர் புகழை யாரும் குறைக்க முடியாது. அந்தப் பந்தை அனுப்பிய நாம்கியால் பூட்டியாவின் பெயரை மறுநாள் பெஞ்சில் யாரும் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் இதே வழக்கு

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை அவர்கள் ஊர் ஃபுட்பாலை எனக்கு விளக்கினார். பெயர்தான் ஃபுட்பால், ஆட்டம் பெரும்பாலும் கையால். முட்டை வடிவப் பந்தைக் குறிபார்த்து எறிபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் ரிசீவர். கொடுப்பவன், வாங்குபவன் என்று வேலையையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கை தவறினால் அதற்கும் தனிக் கணக்கு எழுதுகிறார்கள். அப்படியானால் சண்டையே வராது என்றுதானே நினைப்போம்?

மாப்பிள்ளை ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். 2012 பிப்ரவரி 5, சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். நியூ இங்கிலாந்து அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. அவருடைய ரிசீவர் வெஸ் வெல்கர். ஆட்டம் முடியச் சுமார் நான்கு நிமிடம் இருக்கும்போது அவர்கள் அணி முன்னிலையில் இருக்கிறது. பிரேடி எறிந்த பந்து வெல்கரின் ஓட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. அவர் உடம்பை முறுக்கித் திரும்பி இரண்டு கையாலும் தொட்டுவிடுகிறார், ஆனால் பந்து நழுவி விழுகிறது. பிறகு நியூயார்க் அணி முந்திக்கொண்டு 21-17 என்று வென்றது. எறிந்தும் கொடுத்துப் பிடித்தும் காட்ட என் கணவரால் முடியுமா என்ற பொருளில் பிரேடியின் மனைவி ஆத்திரப்பட்டது உலகச் செய்தியானது. பிடித்திருக்க வேண்டிய பந்து என்று வெல்கர் கண்கலங்கப் பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார். பந்து கொஞ்சம் பின்தங்கி வந்ததே என்று சொல்பவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை. நான் படத்தை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னேன். மூன்று முறையும் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது ஒரு சின்ன இரயில் நிலையமும் ஒரு பிரம்பு வளையமும்தான்.

இரயில்வேயிலும் ஒரு பந்து உண்டு

ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஏற்பட்டது டோக்கன் முறை. இரண்டு நிலையங்களிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைத்த இரண்டு கருவிகள் இருக்கும். நீல்ஸ் டோக்கன் கருவி என்பார்கள். அதற்குள் இருப்பது உலோகப் பந்துகள். அடுத்த நிலையத்து ஸ்டேஷன் மாஸ்டர் தம் பக்கத்திலிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இந்தப் பக்கத்துக் கருவியிலிருந்து ஒரு பந்து வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால் அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை மற்றொன்று வராது. அந்தப் பந்து கையில் இருந்தால்தான் டிரைவர் பாதைக்குள் நுழையலாம்.

நிற்காமல் போகும் வண்டிக்கு இதை எப்படிக் கொடுப்பது? பந்தைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் பாதை ஓரம் நின்று உயர்த்திப் பிடிப்பார். வேகம் குறைத்து வரும் என்ஜினிலிருந்து அசிஸ்டென்ட் டிரைவர் எட்டிக் கையை வளையத்துக்குள் நுழைத்து வாங்கிக்கொள்வார். கொடுப்பவர் நிற்கிறார், வாங்குபவர் ஓடும் வண்டியில் இருக்கிறார். ஒரு கண நேர வேலை. தவறினால் வண்டியை நிறுத்தி, இறங்கி, தேடி எடுத்துத்தான் புறப்பட வேண்டும். பார்த்துப் பழகிய வாசகர்கள் பலர் இருப்பீர்கள்.

1986 என்று நினைவு. சிக்னல் பிரிவில் நான் புதிதாகச் சேர்ந்த டிப்ளமாக்காரன். ஒரு சிறிய நிலையத்தில், மழை இரவில், டோக்கன் கீழே விழுந்து ஒரு விரைவு வண்டி நெடுநேரம் நின்றுவிட்டது. விசாரணைக்குப் போனவர்களில் மிகவும் இளையவன் நான். போவதற்கு முன்பே தீர்ப்பு தயாராக இருந்தது. வாங்கத் தவறியவர் அசிஸ்டென்ட் டிரைவர், ஆகவே குற்றம் அவருடையது. இருபத்துநாலு வயதுப் பையன். கையில் மெமோவும் கொடுத்தாயிற்று. அவர் சொன்னது ஒன்றுதான்: "சார், என் கை எப்பவும் போற இடத்துக்குத்தான் போச்சு. வளையம் அங்கே இல்லை."

பழி மீதம் பாயிண்ட்ஸ்மேன்மீது விழப் பார்த்தது. அவரோ இருபது வருடமாக அதே வேலையைச் செய்தவர். எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் பாதை வேலைக்காக யாரோ ஒரு குவியல் ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதனால் ஓர் அடி தள்ளி நின்றிருக்கிறார். அந்த இடத்து விளக்கும் எரியவில்லை. வளையத்தைப் பார்த்தேன். பிரம்பு உடைந்து கம்பியால் கட்டிச் சுருக்கியிருந்தது. ஓர் அடி தூரம், இருட்டு, சுருங்கிய வளையம்! கொடுத்தவரும் சரியாகத்தான் கொடுத்தார், வாங்கியவரும் சரியாகத்தான் கையை நீட்டினார். நடுவில் இருந்த ஜல்லிக் குவியலை ஒருவரும் பார்க்கவில்லை.

மெமோ ரத்தாயிற்று. ஆனால் அந்த இளைஞர் பழையபடி எட்டிக் கை நீட்டவே இல்லை. வளையத்தைக் கண்டாலே கை தயங்குகிறது என்று சொல்லி, சில மாதத்தில் யார்டு வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் காகிதத்தைத்தான் ரத்து செய்தோம். நாலு பேர் முன்னால் அவர் கேட்ட வார்த்தைகளை ரத்து செய்ய எங்களால் முடியவில்லை.

நம் கண்டனூர்ப் பையன்

பெஞ்சுக்குத் திரும்புவோம். பெங்களூர் அணியில் நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த பெயர் சிவசக்தி நாராயணன். சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூர்ப் பிள்ளை. 2022 செப்டம்பர் 18, கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம், மும்பைக்கு எதிராக. பின்னாலிருந்து ஜெயேஷ் ரானே தூக்கி அனுப்பிய நீண்ட பந்தை ஓடி எடுத்து, முன்னால் வந்த கோல்கீப்பரின் தலைக்குமேல் தட்டி விட்டாரே, அந்தக் கோல் என் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் போட்டியில் மட்டும் அவர் போட்டது 5 கோல். பெங்களூர் 2-1 என்று கோப்பையை வென்றது. அந்த ஐ.எஸ்.எல். பருவத்தின் வளரும் வீரர் விருதும் அவருக்கே. அப்போது பெஞ்சில் எல்லோருக்கும் அவர் சொந்தக்காரப் பையன். காரைக்குடியில் பெண் எடுத்த நண்பர் ஒருவர் உறவு முறையே கண்டுபிடித்துவிட்டார்!

2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே அவர் அடிபட்டு வெளியேறினார். அடுத்த பருவத்தில் 12 அணிகளில் பெங்களூர் பத்தாமிடம். அணிக்கே கோல் வறட்சி, அவருக்கும் குறைந்தது. உடனே பெஞ்சின் குரல் மாறிற்று. "பையன் அவ்வளவுதான் சார்." நேற்றுவரை நம்ம பையன், இன்று வெறும் பையன். நான் கேட்கிறேன்: அந்த ஆண்டு ரானேயின் பந்து போன்ற பந்து அவருக்கு எத்தனை வந்தது என்று நம்மில் யாராவது எண்ணினோமா? பத்தாமிடத்துக்குப் போன அணியில் முன்னால் நிற்பவனை மட்டும் குற்றவாளி ஆக்குவது, மழை இரவில் அசிஸ்டென்ட் டிரைவருக்கு மெமோ கொடுத்தது போலத்தான்.

இதைச் சொல்வதால் வாங்குபவன் எப்போதும் நிரபராதி என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். சுலபமான பந்தை வானத்துக்கு அனுப்புபவர்கள் உண்டு. கார்னருக்குக் குதிக்க வேண்டிய நேரத்தில் நின்று பார்ப்பவர்கள் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுபவர்களை ரசிகன் விமர்சிக்கலாம், அது டிக்கெட் வாங்கியவனின் உரிமை. பந்து புறப்பட்ட இடத்தையும் பார்த்துவிட்டு விமர்சிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் செய்த தவறு

இவ்வளவு பேசும் நானே தவறியதையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் வயிற்றுப் பேரனுக்குப் பதின்மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர்ப் பக்கத்து மைதானம் ஒன்றில் பையன்களோடு சேர்ந்து முன்வரிசையில் ஆடுகிறான். சென்ற டிசம்பரில் ஒரு சிறு போட்டி. கடைசி நிமிடம், 1-1. வலப்பக்கத்துப் பையன் பந்தை அனுப்ப, கோலுக்கு நேர் எதிரே நின்ற பேரனின் காலுக்கு மேலே எகிறிப் பந்து போய்விட்டது. எல்லைக் கோட்டில் நின்ற நான், பெஞ்சு பழக்கத்தில், "இதைக்கூடப் போட முடியலையாடா?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த பெற்றோர்கள் சிரித்தார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. வாசலில் காலணியைக் கழற்றும்போது சொன்னான்: "தாத்தா, நீங்க பந்து வெளியே போனதைத்தான் பார்த்தீங்க. அது எப்படி வந்துச்சுன்னு பார்க்கலையே." சற்றுப் பொறுத்து, "அவன் மேலயும் தப்பு இல்ல தாத்தா. அங்க பந்தல் குழி இருக்கு. பந்து அதுல பட்டு எகிறிடுச்சு" என்றான்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவன் ஆடப் போகவில்லை. தலைவலி, பரீட்சை என்று காரணம் சொன்னான். மூன்றாவது ஞாயிறு நான் தனியாக அந்த மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஏதோ விழாவுக்குப் பந்தல் போட்டவர்கள் கம்பம் நட்ட குழிகளை மூடாமல் போயிருந்தார்கள். ஏழு குழிகள் எண்ணினேன். அவற்றுள் ஒன்று கோலுக்குப் பத்து அடி முன்னால். நாற்பது வருடத்துக்கு முன்னால் இளம் டிப்ளமாக்காரனாக ஜல்லிக் குவியலைக் கண்டுபிடித்தவன், கிழவனான பிறகு சொந்தப் பேரன் விஷயத்தில் குழியைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தது மட்டுமல்ல, பந்து கொடுத்த தோழனைக் காட்டிக்கொடுக்கவும் மறுத்தது அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை.

அன்று மாலை அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனும் நானும் அவன் தோழர்கள் நாலு பேரும் ஒரு மண்வெட்டியும் இரண்டு கூடையும் எடுத்துப் போய்க் குழிகளை மூடினோம். நாலாவது ஞாயிறு ஆடப் போனான். கோல் போட்டானா என்று நான் கேட்கவில்லை.

மூன்று கேள்விகளும் ஒரு கோப்பையும்

ஆகவே, அடுத்த முறை ஒரு பந்து வீணாகும்போது உடனே கத்தாமல் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பந்து எங்கிருந்து, எப்படி வந்தது? வாங்குபவன் அப்போது எங்கே, எந்த நிலையில் இருந்தான்? இரண்டு பேருக்கும் இடையே கிடந்த குழி எது, அதை மூட வேண்டியவர் யார்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். மைதானங்கள் வண்டி நிறுத்தும் இடமாகவும் விழாப் பந்தலாகவும் மாறிக்கொண்டிருக்கும் இந்த நகரத்தில், பையன்களுக்குப் பந்து வாங்கத் தெரியவில்லை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? மைசூர் மாநிலமாக இருந்தபோது 1968-69இல் வென்ற சந்தோஷ் கோப்பையை மறுபடி வெல்லக் கர்நாடகத்துக்கு 2023 வரை, 54 ஆண்டுகள், பிடித்தது. அத்தனை ஆண்டும் நம் பிள்ளைகளின் கால்களிலா குறை இருந்தது?

திருக்குறளில் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரம் இருப்பது நமக்குத் தெரியும். ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைத் தினமும் கடந்து போகும் நாம், ஒருவரிடம் வேலையைக் கொடுக்குமுன் அவரையும் வேலையையும் காலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் சொன்னதையும் நினைக்கலாம். கொடுப்பவனுக்கும் பொறுப்பு உண்டு என்பதுதானே அதன் சாரம்?

மைதானத்துக்கு வெளியேயும் இது பொருந்தும். பிள்ளைகள் தமிழை வாங்கிக்கொள்ளவில்லை என்று நம் சங்கக் கூட்டங்களில் ஓயாமல் குறைபட்டுக்கொள்கிறோம். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும், தெருவில் நாலு பாஷையும் கலந்து ஓடும் பிள்ளைக்கு, நாம் தமிழை எந்த உயரத்தில், எந்த வெளிச்சத்தில் நீட்டினோம்? வாங்கத் தவறியபோது சிரித்தோமா, மறுபடி நீட்டினோமா?

கடைசியாக ஒரு யோசனை. நம் சங்க விளையாட்டு விழாவில் சிறுவர் கால்பந்துக்கு அதிகக் கோல் போட்டவருக்கு மட்டும் கோப்பை கொடுக்கிறோம். அடுத்த ஆண்டிலிருந்து அதே உயரத்தில் இன்னொரு கோப்பையும் வைப்போம். கோலுக்குப் பந்து கொடுத்த பிள்ளைக்கு அது. செயற்குழு சம்மதித்தால் அதன் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏட்டில் அந்தப் பெயரை எழுத ஒரு கட்டமும் போட வேண்டும். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எண்ணிக் குறிக்க ஒரு ஆள் தேவைப்படும் அல்லவா? அந்த வேலைக்கும் நான் வருகிறேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு.